நாலாவது விண்ணப்பம்

விண்ணப்பம் கம்பனித் துரையின் மேசைக்குப் போன பிறகுதான் செபஸ்தியனின் மனைவி டோரின் அதன் நகலைப் படித்தாள்.

"பெரிய கிளாக்கர் பதவியை விரும்புறன் எண்டு எழுதியிருக்கிறியள். இதென்ன, இன்னொரு கரண்டி சம்பல் கேக்கிற மாதிரி?"

செபஸ்தியனுக்குச் சுருக்கென்றது. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் பதினொரு வருஷமாக இரண்டாவது கிளாக்கர். பெரிய கிளாக்கர் மாதக் கடைசியில் பென்ஷனில் போகிறார். இந்த முறையும் நாற்காலி கைநழுவினால் கொட்டாஞ்சேனையில் மாமனார் முகத்தில் விழிக்க முடியாது. செபஸ்தியனுடைய கையெழுத்தோ கோழி கிளறிய மாதிரி. அதனால்தான் புதுக்கடைக் கோர்ட்டுக்கு எதிரே மனு எழுதும் ஸஹாப்தீனைப் பிடித்திருந்தார். மறுபடியும் போனார்.

"விருப்பம் காணாது, நானா. வேற சொல் இல்லையோ?"

"எத்தனை வேணும்?" என்றார் ஸஹாப்தீன்.

முந்திய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம், அந்தப் பதவிக்குக் குறிவைத்திருக்கிறேன் என்று முத்து முத்தான இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார். வழக்கம்போலக் கீழ் மூலையில் 'எழுதியவர் ஸஹாப்தீன், புதுக்கடை' என்றும் போட்டார்.

கடிதம் பெரிய கிளாக்கரின் கண்ணில் பட்டது. தான் இன்னும் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு எவன் குறிவைப்பது என்று கேட்டவர், அதோடு செபஸ்தியனுடன் கதைப்பதை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது கடிதம் பணிவாகப் போனது. தகுதியற்றவனாயினும் ஏங்குகிறேன் என்றது. மாமனார் கேட்டுவிட்டு வாயிலிருந்து சுருட்டை எடுத்தார்.

"தகுதி இல்லையெண்டு நீரே எழுதிக் குடுத்தால், துரை என்ன இல்லையெண்டோ சொல்லப்போறார்?"

மாதத்தின் கடைசி நாளான வியாழக்கிழமை செபஸ்தியன் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் புதுக்கடைக்கு ஓடினார். இதை என் வாழ்நாள் இலட்சியமாகக் கொண்டிருக்கிறேன் என்று ஸஹாப்தீன் எழுதி முடித்தபோது செபஸ்தியனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதை முதல்லயே எழுதியிருக்கலாமே, நானா?"

"நீங்க கேக்கல்லையே, தம்பி," என்ற ஸஹாப்தீன் மைக்கூட்டை மூடினார். நாளையிலிருந்து தான் இங்கே இருக்கப்போவதில்லை, வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். செபஸ்தியன் அதைக் காதில் வாங்கவே இல்லை.

மறுநாள் காலை கடிதத்தைப் பியூன் பீற்றரிடம் நீட்டினார். பீற்றர் அதோடு உள்ளே போய், போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"இனி இதெல்லாம் புதுப் பெரிய கிளாக்கரிட்டத்தான் குடுக்கோணுமாம், ஐயா. குடுத்தன். படிக்கத் தேவையில்லையாம், நேற்றுத் தான்தானாம் எழுதினது."