தலைகீழாய் நட்ட வஞ்சி

எனக்குத் தாவரவியலில் முதுகலைப் பட்டம் உண்டு. செடியில் எது மேல், எது கீழ் என்று தெரியாமலே வாங்கிய பட்டம்.

கல்யாணமாகிச் சிங்கவரம் வந்த புதிது. மாமனாரின் மல்லாட்டைக் கொல்லையை (எங்கள் ஊரில் நிலக்கடலை) ஒட்டி ஓடும் ஓடை, மழைக்கு மழை கரையைத் தின்றுகொண்டிருந்தது. "கவலைப்படாதீங்க மாமா, வஞ்சி நட்டா அதோட வேர் மண்ண விடாது" என்றேன். (யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.)

மலைப்பக்கத்துத் தோழி ஒரு கட்டு வஞ்சிப் போத்து, அதாவது நடுகுச்சி, அனுப்பினாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு குச்சியும் ஒரு முனையில் சாய்வாகச் சீவியிருந்தது. கூரான முனைதானே மண்ணில் இறங்கும்? தெருவே வேடிக்கை பார்க்க, அறுபதையும் கரையோரம் குத்தி இறக்கினேன்.

மாமா குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, மொட்டெல்லாம் கீழ பாக்குது?"

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் தேங்காமலிருக்க மேல்முனையைத்தான் அவள் சாய்வாகச் சீவியிருக்கிறாள்! ஆனால் சுற்றிலும் இருபது பேர்.

"இது புது முறை மாமா. இப்படி நட்டாதான் வேர் சீக்கிரம் புடிக்கும்."

"அப்படியா!" என்றவர், வந்தவர்களிடமெல்லாம் அதையே பெருமையாகச் சொன்னார்.

ஐப்பசி மழை வந்தது. நாலைந்து குச்சிகள் மட்டும் பிடிவாதமாகத் துளிர்த்து, வளைந்து நெளிந்து மேலே வரப் பார்த்தன. மற்றவை ஓடையோடு போயின. கூடவே ஒரு பாத்தி மல்லாட்டையும்.

கரையில் நின்று அழுதேன். "மாமா, தலைகீழா நட்டுட்டேன். புது முறைன்னு சொன்னது பொய்."

"அன்னிக்கே தெரியும்மா."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஊரு எதிர்ல நீ ஒண்ணு சொல்லிட்ட. ஊட்டுக்கு வந்த புள்ளய நானே உட்டுக்குடுப்பனா? அழுவாத. இன்னொரு கட்டு வரச்சொல்லு, நட்டுக்கலாம்."

அன்று ராத்திரியே அத்தையிடமும் வீட்டாரிடமும் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். மறுபடி நட்டோம், மாமாவும் நானுமாக. இன்று அந்தக் கரையில் வஞ்சி புதராய் அடர்ந்து நிற்கிறது; ஓடை ஒரு பிடி மண் எடுப்பதில்லை.

போன வருடம் மாமா போய்விட்டார். பத்து நாளாக யாருடனும் பேசாமலிருந்தார் அத்தை. பதினோராம் நாள் மாமாவின் படத்தைச் சுவரில் மாட்ட நான் ஸ்டூலில் ஏறினேன். பின்னாலிருந்து அத்தையின் குரல்:

"பாத்து மாட்டும்மா. எது மேலன்னு தெரியுமில்ல?"

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு வீடே சிரித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு.