ஒரு மாதிரி வயல்

பிள்ளைகளே, வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இவர்தான் எங்க ஒரு மாதிரி நைனா" என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். உங்கள் அம்மா பழக்கிவிட்ட சிரிப்பு அது. நான் முட்டாளான கதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் இன்னும் ஆறாத என் கோபமும் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அறுபதுகளில், சின்ன விவசாயியைத் தூக்கி நிறுத்தப் போவதாக சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. புது குட்டை நெல், சீமை உரம், கயிறு பிடித்து நடவு. செஞ்சியில் திண்டிவனம் சாலையோரம் இருந்த நம் முக்கால் காணியைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தார்கள். (என் திறமைக்காக என்று நினைத்தேன். ஜீப்பிலிருந்து இறங்கினால் செருப்பில் சேறு படாது என்பதற்காக!) ஊருக்குத் திட்டத்தைக் கொண்டுவரும் சர்க்கார் ஆள், கிராம சேவக், வந்து 'மாதிரி வயல்' என்று பலகை நட்டார். அன்று முதல் நான் துண்டு போடும் தோரணையே மாறிவிட்டது. இனி பழைய விதை எதற்கு என்று, கட்டி வைத்திருந்த விதைநெல்லையும் அவித்துக் குத்திப் பொங்கச் சொன்னேன். இந்த வெள்ளாமை போனால் சோறும் இல்லை, விதையும் இல்லை.

விதையைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து வயல்காரர், பம்புசெட்டு வைத்திருந்த சமணர், நாங்கள் நைனார் என்று கூப்பிடுவோம், அவரும் அதையே நட்டார். பதினைந்தாம் நாளே அவர் வண்டி போய் உரம் ஏற்றி வந்தது, அவர் வயலில் கதிர் மணி மணியாகப் பிடித்தது. நான் உரக் கிடங்குக்கு நடையாய் நடந்தேன். "சின்ன வெவசாயி லிஸ்ட்டு இன்னும் வர்ல, போய்யா" என்றார்கள். எனக்கென்று வந்த திட்டத்தில் நான் கடைசி! கதிர் தலைநீட்டும்போதுதான் மூட்டை வந்தது.

"இப்பப் போட்லாமா சார்?" என்று சேவக்கைக் கேட்டேன்.

"போடுய்யா. பெரிய ஆபீசர் வர்றாரு, பச்சையா தெரியணும்."

மூன்று தடவைக்கு உரியதை ஒரே தடவையில் கொட்டினேன். (கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன் நிதானம் பார்ப்பானா?) பயிர் கண்ணைப் பறிக்கிற பச்சை. கதிரை உருவிப் பார்த்தால், சத்தெல்லாம் இலைக்கே போய், அத்தனையும் பதர். சேவக்கிடம் காட்டினேன்.

"வாய மூடிக்கினு, சொல்லிக் குடுத்தத மட்டும் சொல்லு."

ஆபீசர் வந்தார். அவருக்கு மாலை போட்டார்கள், வயலோரம் நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். 'ஐயா, இது மாதிரி வயல், இதனால் என் வாழ்வு உயர்ந்தது' என்பதுதான் எனக்குக் கொடுத்த பாடம். எடுப்பாக இருக்கட்டும் என்று நானாக ஒரு 'ஒரு' சேர்த்தேன்.

"ஐயா, இது ஒரு மாதிரி வயல்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இன்னாப்பா இது, வயலுக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது?" என்றார் நைனார்.

உங்கள் அம்மா சும்மா இருந்தாளா? "வயலுக்கு இல்ல நைனாரே, எங்க ஊட்டுக்காரருக்கு!"

ஆபீசரும் சிரித்தார். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டது. ஒரு கதிரை உருவிக் கசக்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன். "ஊதிப் பாருங்க சார்."

ஊதினார். கை காலியாகிவிட்டது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, 'வளர்ச்சி திருப்தி' என்று நோட்டில் எழுதி ஜீப்பில் ஏறினார். யார் வயிற்றைப் பார்த்து எழுதினார் அந்தத் திருப்தியை? இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

பதரை அறுக்க யாரைக் கூலிக்குக் கூப்பிடுவது? மறுநாள் தனியாக அரிவாளோடு இறங்கினேன். போட்டோ எடுத்த சாலையோர வரிசையிலிருந்து தொடங்கி, முக்கால் காணியையும் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டேன்.