என் பல்லைக் காப்பாற்றிய தத்துவம்

முப்பத்திரண்டும் பழுதில்லாத சின்ன மச்சானுக்கு, உன் அக்காவைக் கட்டிய பாவி எழுதுவது. என் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர இங்கே அனைவரும் நலம். அங்கே பல்லும் சொல்லும் நலமா?

மச்சான், எழுதக் கை பரபரக்கிறது! எங்கள் தத்துவ வட்டம் பல் டாக்டரின் கிளினிக்கில்தான் கூடும். தத்துவத்துக்கு ஏசி அவசியம். வாதத்தில் தோற்றவர் எழுந்து “ஒத்துக்கிறேன்” என்று சொல்லி, அன்று முதல் அதன்படியே நடக்க வேண்டும் என்பது விதி. நேற்றுப் பேச்சாளர் நான். தலைப்பு: மதம், பகுத்தறிவு, பலவந்தம் மூன்றையும் தத்துவவாதிகள் கண்டித்த விதம். என் கன்னமோ பந்தாக வீங்கியிருந்தது. உன் அக்கா கூடவே வந்து, டாக்டரிடம், “இவரு பேசி முடிச்சதும் புடுங்கி விட்ருங்க” என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எனக்குப் பேச்சு வராமல் இருக்குமா? மதம் பயத்துக்குப் பிறந்தது என்கிறார் ஒருவர். பகுத்தறிவு ஆசையிடம் சம்பளம் வாங்கும் குமாஸ்தா, முதலாளி கேட்ட காரணத்தை எழுதிக் கொடுக்கும் என்கிறார் இன்னொருவர். (என் குமாஸ்தா அப்போது ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார்.) பலவந்தம் வாயைத் திறக்கும், மனசைத் திறக்காது என்கிறார் மூன்றாமவர். முதல் இருவரும் மனிதனைக் கேலி செய்கிறார்கள். மூன்றாமவர்தான் மரியாதை கொடுக்கிறார் என்று முழங்கினேன். “பயம், ஆசை, கட்டாயம் மூன்றும் இல்லாமல் வருவதே சம்மதம்! அது வரும்வரை அடுத்தவன் வாயில் கை வைக்க எவனுக்கும் உரிமையில்லை!”

டாக்டர் கண் கலங்கி எழுந்தார். “ஒத்துக்கிறேன் சார்” என்று சொல்லி, பல் பிடுங்கும் கொறடை டிராயரில் போட்டுப் பூட்டினார். கைதட்டல் அடங்கவே இல்லை. உன் அக்கா மட்டும், “வீட்டுக்கு வாங்க, இருக்கு” என்றாள். மச்சான், தத்துவத்தால் ஒரு பல் பிழைத்தது!

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களுக்கு விழுகிற பற்களெல்லாம் தாமாகவே விழட்டும்.

இப்படிக்கு,
வெற்றி வீரன்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு. வலி உயிரை எடுக்கிறது. காலையில் நானே ஓடிப்போய், “புடுங்குங்க டாக்டர்” என்று கதறினேன். அந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு, “வலி தாங்காம குடுக்கிற சம்மதம் கட்டாயம் சார். வலி நின்னதும் வாங்க, புடுங்கறேன்”கிறார். உன் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். உடனே புறப்பட்டு வா. வழியில் எனக்காகச் சாமி கும்பிடு. வந்ததும் அவரிடம் நாலு நியாயம் பேசு. மசியவில்லையென்றால் உன் ஜிம் உடம்பைக் காட்டு. என்னைப் பிடிக்க வேண்டாம், அவரைப் பிடித்துக்கொள். வாயை நானே திறந்து வைத்திருக்கிறேன்.