இரண்டாம் பாதிக்கு வளையை வைத்த கீரி

ஒரு காட்டில் செல்போன் கோபுரங்களைவிட மரங்கள் கொஞ்சம் அதிகமாகவே இருந்தன. அங்கே வேலப்பன் என்ற கீரி, நிறைமாத மனைவி பவுனுவோடு மேட்டு வளை ஒன்றில் குடியிருந்தது. புள்ளியியல் படித்த கீரி அது.

அந்தக் காட்டில் நரியார் ஒரு செயலி நடத்திவந்தார். கபடி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் மட்டும் எந்த அணி அதிகப் புள்ளி எடுக்கும் என்று இடைவேளைக்குள் சொத்தை வைத்துச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கூட்டம் சேரச் சேர அந்தப் பக்கத்தின் விலை ஏறும்; மலிவான பக்கம் ஜெயித்தால் லாபம் அதிகம்.

"இது சூதாட்டம் இல்லீங்களா?" என்று கேட்டது கீரி.

"சேச்சே, இது கணிப்புச் சந்தை தம்பி. சூதாட்டத்துக்கு எங்கயாவது வரைபடம் உண்டா?"

கீரிக்கு வரைபடம் என்றாலே மரியாதை. பன்றிகள் அணியின் பதினோரு ஆட்டங்களை உட்கார்ந்து ஆராய்ந்தது. இடைவேளையில் பன்றிகள் வயிறு முட்டக் கூழ் குடிக்கும். அப்புறம் ஓட முடியாது. ஒன்பது ஆட்டங்களில் இரண்டாம் பாதி எதிரணிக்கே போயிருந்தது.

குரங்குகளோடு ஆட்டம் வந்தது. முதல் பாதியில் பன்றிகள் இருபத்தொன்று, குரங்குகள் ஒன்பது. கூட்டமெல்லாம் பன்றிப் பக்கம்.

"வேணாங்க. மழைக்கு முன்னாடி குட்டி பொறந்துடும். இருக்கிறது இந்த ஒரு வளைதான்" என்றது பவுனு.

"சும்மா இரு பவுனு. நாற்பத்திரண்டு விதியையும் படிச்சிருக்கேன். சமன்ல முடிஞ்சா எல்லாம் நரியாருக்கு. அதுக்கு நூத்துல ரெண்டு பங்குதான் வாய்ப்பு."

வளையின் பத்திரத்தைப் படம்பிடித்து ஏற்றி, குரங்குகள் மேல் வைத்தது. அவ்வளவு பெரிய சொத்து விழுந்ததும் குரங்குகளின் விலை எகிறியது.

ஒரு கையில் கூழும் மறு கையில் போனுமாக இருந்த பன்றித் தலைவன் அதைப் பார்த்தான். "டேய், படிச்ச கீரியே வீட்டை வெச்சிருக்குடா! அப்ப நாம தோக்கத்தான் போறோம். நம்ம சேத்துக்குட்டையக் குரங்கு மேல போடுங்கடா!"

பன்றிகளின் விலை படுத்துவிட்டது. குரங்குத் தலைவனின் கண் விரிந்தது. "பன்றி இவ்வளவு மலிவா? அவங்களை ஜெயிக்க விட்டா நமக்கு ஒரு தோப்பே வரும். புளியமரத்தைப் போடுங்கடா!"

இரண்டாம் பாதி தொடங்கியது. பாடிப் போன குரங்கு, பன்றிகளின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"பிடிங்கண்ணே."

"நாங்க மாட்டோம் தம்பி. நீங்க தொட்டுட்டுப் போங்க."

"அய்யோ, எனக்கு அந்த ஆசையே இல்லண்ணே!"

பிறகு இரண்டு அணிகளும் கோட்டுக்கு வெளியே குதிக்க ஆரம்பித்தன. ஒருவர் குதித்தால் எதிரணிக்கு ஒரு புள்ளி. நடுவர் கொக்கு விசிலைத் துப்பிவிட்டுக் கத்தியது: "யாராவது ஒருத்தர் உள்ள நில்லுங்கப்பா!"

இரண்டாம் பாதி முடிவு: முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. வளை, குட்டை, புளியமரம், மூன்றும் நரியாருக்குப் போயின.

மறுநாள் பவுனு மூட்டையோடு வெளியே நின்றது. நரியார் வளை வாசலில் 'இரண்டாம் பாதி ஆலோசனை மையம்' என்று பலகை மாட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவ்வளவு ஆராய்ச்சி பண்ணித் தோத்தவன் இந்தக் காட்டுலயே நீ ஒருத்தன்தான். இங்கயே உக்காந்து வர்றவங்களுக்கு ஆலோசனை சொல்லு. தங்குற இடம் இலவசம்."

"எனக்குப் பொய் சொல்ல வராதுங்க."

"பொய் எதுக்கு? வீட்டையே வெச்சு ஆடினவன்னு உள்ளதைச் சொல்லு."

பவுனு மூட்டையை உள்ளே எடுத்துப்போனது. உச்சிவேளைக்குள் வாசலில் நீண்ட வரிசை. முதல் ஆளாகப் பன்றித் தலைவன் நின்றான்.

நீதி: தோற்பதானாலும் புள்ளிவிவரத்தோடு தோற்க வேண்டும், சும்மா தோற்றவனுக்கு யாரும் வேலை தரமாட்டார்கள்.