கொழுந்து மடுவத்தில் நான் செத்துப்போன சனிக்கிழமை

பயந்த சுபாவக்காரர்களைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள் உலகத்தில் கிடையாது. துணிச்சல்காரர்களிடம் ஒரு வேலை சொன்னால் பாதியில் சொந்தப் புத்தியை உபயோகித்துவிடுவார்கள். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ‘நட’ என்றால் நடப்போம். ‘நில்’ என்று சொல்ல மறந்துவிட்டால் நானுஓயா வரைக்கும் போய், அங்கே நின்றுகொண்டு, திரும்பி வந்தால் திட்டுவார்களோ என்று யோசிப்போம்.

நான் அந்த ரகம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால், உயிரோடு இருக்கிற ஒருத்தி தனக்கு வைத்த ஒப்பாரியைப் படுத்துக்கொண்டே முழுசாகக் கேட்டாள் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

முப்பத்தாறாம் வருஷமோ முப்பத்தேழோ. இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் என் சிலேட்டு உடைந்துபோனது. புதுச் சிலேட்டு கேட்டால் அப்பா அடிப்பாரோ, சிலேட்டு இல்லாமல் போனால் வாத்தியார் அடிப்பாரோ என்று ஒரு வாரம் யோசித்தேன். அதற்குள் பள்ளிக்கூடம் போகாமல் இருப்பது பழகிவிட்டது. (அப்பா அடிக்கிற ஆளே இல்லை. அது அப்புறம்தான் தெரிந்தது.)

அந்தக் காலத்தில் ஹட்டனில் உத்தியோகம் பார்க்கும் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நர்ஸ், டீச்சர்கள், மருத்துவச்சி, தபால் கந்தோரில் வேலை செய்யும் ஓர் அம்மா என்று பத்துப் பன்னிரண்டு பேர். மாதம் ஒரு சனிக்கிழமை ரயிலேறி வந்து, எங்கள் தோட்டத்துக்கு நடந்து வந்து சேவை செய்வார்கள். நகம் வெட்டிவிடுவார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்வார்கள். ஒருமுறை, ஜன்னலைத் திறந்து வைத்தால் நல்ல காற்று வரும் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் லயத்தில் எந்த வீட்டுக்கும் ஜன்னல் கிடையாது. வந்தவர்கள் மனசு நோகக்கூடாதே என்று எல்லோரும் தலையாட்டினோம்.

சங்கத்துக்குத் தலைவி ரோசலின் நர்ஸம்மா. காரியதரிசி ஒரு டீச்சரம்மா. இரண்டு பேரும் வேதக்காரர்கள், டவுனில் பிறந்து வளர்ந்தவர்கள். நல்லவர்கள். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் என்னென்ன செய்வோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அதுதான் வினையாகப் போனது.

அந்தச் சமயத்தில் வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசானி, எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளைமடுவம் திறக்க முடிவு செய்திருந்தார். தாய்மார்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை. அதற்கு ஓர் ஆயா வேண்டும். ஆளைச் சங்கமே பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

எனக்கு அந்த வேலை மேல் உயிர். மழை இல்லை, அட்டை இல்லை, கங்காணி இல்லை. பிள்ளைகளோடு இருப்பது எனக்குப் பிடிக்கும், அவர்களுக்கு மட்டும்தான் நான் பயப்படுவதில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புப் படித்தவர்கள் இரண்டு பேர் அதே வேலைக்கு நின்றார்கள். நான் கேட்பதா வேண்டாமா என்று பதினைந்து நாள் தூங்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் நர்ஸம்மாவின் பின்னாலேயே நடந்து போய், அவர் திரும்பிப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

“என்ன அஞ்சல, வயித்து வலியா?”

“இல்லைங்க. வேலைங்க.”

நர்ஸம்மா யோசித்தார். “வர்ற சனிக்கிழமை தொரசானி முன்னால முதலுதவி செஞ்சு காட்டப் போறோம். அடிபட்டு மயங்கிக் கெடக்கிற ஆளா நடிக்க ஒருத்தர் வேணும். நீ ஒழுங்கா செஞ்சீன்னா, பொறுமையான பொண்ணுன்னு நானே தொரசானிகிட்ட எடுத்துச் சொல்றேன். ஆனா ஒண்ணு. நான் எந்திரின்னு சொல்ற வரைக்கும் கண்ணைத் தொறக்கப்படாது. வெரலைக்கூட ஆட்டப்படாது.”

“மூச்சு விடலாங்களா?”

“விடலாம். மெதுவா.”

அன்றிலிருந்து சனிக்கிழமை வரை மெதுவாக மூச்சு விடப் பழகினேன். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை என்னை உலுக்கி எழுப்பினார்.

சனிக்கிழமை பகல் இரண்டு மணி. இடம், கொழுந்து நிறுக்கிற மடுவம். நிறுவைக்கு இன்னும் நேரம் இருந்ததால் அங்கே யாரும் இல்லை. என்னை ஒரு பெஞ்சில் படுக்க வைத்தார்கள். கணக்குப்படி நான் மலையிலிருந்து உருண்டு விழுந்து தாடையும் ஒரு கையும் ஒரு காலும் முறிந்தவள். நர்ஸம்மா வெள்ளை மல் துணியைக் கிழித்து, தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். அப்புறம் முறிந்த கால் ஆடாமல் இருக்க இரண்டு பாதங்களையும் சேர்த்துக் கட்டினார். ஒரு கையை மடக்கி மார்பின் மேல் வைத்துக் கழுத்திலிருந்து துணித் தொட்டில் கட்டினார். பனி இறங்கிக் குளிர்ந்தது. பாவம், நடுங்குகிறாளே என்று கழுத்து வரை ஒரு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தினார்.

டீச்சரம்மா சும்மா இருக்கவில்லை. துரைசானிக்குப் போடக் கொண்டு வந்திருந்த மாலையைத் தரையில் வைக்கக்கூடாதே என்று என் வயிற்றின் மேல் வைத்தார். மடுவத்தில் பச்சைக் கொழுந்து வாடையும் சாக்கு வாடையும் கலந்து வீசியதால் இரண்டு ஊதுபத்தி கொளுத்தினார். வரவேற்புக்குக் கொண்டு வந்த குத்துவிளக்கை ஏற்றி, காற்றுப் படாத இடமாகப் பார்த்து என் தலைமாட்டில் வைத்தார்.

“நல்லா இருக்கு இல்ல?” என்றார் டீச்சரம்மா.

“லெச்சணமா இருக்கு,” என்றார் நர்ஸம்மா. “அஞ்சல, ஞாபகம் இருக்கட்டும். அசையப்படாது.”

துரைசானியை எதிர்கொண்டு அழைத்துவர இருவரும் ரோட்டுக்கு இறங்கிப் போனார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு தனியாகக் கிடந்தேன். மூக்கு அரித்தது. ஐந்தாம் வகுப்பு படித்தவர்களாக இருந்தால் மூக்கு அரிக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது யாரோ ஓடிவந்து நிற்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கூடை ஒன்று விழுகிற சத்தம். அப்புறம் மடுவத்துத் தகரம் அதிருகிற மாதிரி ஓர் அலறல்.

“ஐயோ! போயிட்டாளே!”

குரல் தெரிந்தது. மூக்காயி மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். எனக்கும் மதினிக்கும் ஆறு மாதமாகப் பேச்சு இல்லை.

யாரோ செத்துவிட்டார்கள் என்று புரிந்தது. யார்? நேற்றுக்கூட இருமிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கிழவரா?

“எந் தம்பி பொண்டாட்டி போயிட்டாளே!” என்றார் மதினி.

நிதானமாக யோசித்தேன். மூக்காயி மதினிக்கு ஒரே ஒரு தம்பி. அந்தத் தம்பிக்கு ஒரே ஒரு பெண்டாட்டி (எனக்குத் தெரிந்தவரை). அது நான். ஆக, செத்தது நான்.

இதில் நீங்கள் சிரிக்க ஒன்றும் இல்லை. படுத்துக் கிடந்து பார்த்தால்தான் தெரியும். செத்தவர்களுக்குத் தாடையைக் கட்டுவார்கள். காலைச் சேர்த்துக் கட்டுவார்கள். வெள்ளை போர்த்தி, மாலை வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றுவார்கள். எனக்கு இது எல்லாமே நடந்திருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது, உண்மைதான். ஆனால் செத்த பிறகு கொஞ்ச நேரம் அடித்துக்கொள்ளுமோ என்னவோ. மூன்றாம் வகுப்பு வரை அதைப் பற்றி ஒன்றும் சொல்லித் தரவில்லை.

“நான் இருக்கேன்” என்று சொல்லலாம். தாடை கட்டியிருந்தது. கட்டாத கையை ஆட்டலாம். ஆட்டினால் ஆயா வேலை போய்விடும். சரி, நர்ஸம்மா வரட்டும், செத்துவிட்டேனா இல்லையா என்று அவரே சொல்லட்டும் என்று கிடந்தேன்.

மதினியின் சத்தம் கேட்டு லயத்திலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தப்படிக்கும் சின்னச்சாமி அண்ணன் இளகின மனசுக்காரர், விசாரிக்கிற பழக்கமே கிடையாது. அழுதுகொண்டே சாவுக்கொட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார். தப்புச் சத்தம் மலைக்கு எட்டியது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கூடையோடு இறங்கினார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையிலிருந்து என் வீட்டுக்காரர் கத்தியைக்கூடப் போடாமல் ஓடிவந்து என் காலடியில் விழுந்தார்.

“ரொட்டி தீஞ்சு போச்சுன்னு காலையில வஞ்சேனே அஞ்சல! எந்திரிச்சு வாடி! தீஞ்ச ரொட்டியே குடு, தின்னுட்டுப் போறேன்!”

(இந்த மனசு செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருந்தது.)

அந்தப் பக்கம் மதினி மாரில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். எங்கள் தோட்டத்தில் அவரை மிஞ்சி ஒப்பாரி பாட ஆள் இல்லை.

“மஞ்சக் குளிச்ச முகம் – என் தங்கமே
மண்ணுக்குப் போகுதடி!
கொஞ்சிப் பேசலையே – என் தங்கமே
கூட இருந்தப்பல்லாம்!”

எனக்கே அழுகை வந்தது. இவ்வளவு பாசமா என் மேல்? செத்ததில் தப்பே இல்லை என்றுகூடத் தோன்றியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“பித்தளச் செம்பு போச்சுதுன்னு – என் தங்கமே
பேதலிச்சு நின்னியேடி!
பாவிதான் எடுத்து வச்சேன் – என் தங்கமே
பரண்மேல ஒளிச்சு வச்சேன்!”

என்னை அறியாமல் ஒரு கண் திறந்துவிட்டது. என் அம்மா வீட்டுச் சீதனச் செம்பு! அதற்காகத்தான் ஆறு மாதமாகப் பேச்சு இல்லை. ‘எங்களையா சந்தேகப்படுறே’ என்று சண்டைக்கு வந்ததும் இவர்தான்!

“அடியே, ஒரு கண்ணு தொறந்திருக்கு,” என்றது ஒரு குரல்.

“எம்மேல உள்ள ஆசையில பாக்குறா,” என்று விசும்பினார் மதினி. விரலால் என் கண்ணை அழுத்தி மூடினார். நானும் மூடிக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் துரைசானியை அழைத்துக்கொண்டு நர்ஸம்மாவும் டீச்சரம்மாவும் வந்து சேர்ந்தார்கள். ஒரு மடுவம் நிறைய அழுகை. வாசலில் தப்பு முழக்கம். துரைசானி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாராம். நர்ஸம்மாவுக்கு உயிரே போய்விட்டது.

“டீச்சர்,” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. “தாடைக் கட்டை ரொம்ப இறுக்கிட்டேனோ?”

“ஐயோ கர்த்தரே! மாலையை அவ மேல வச்சது நான்தான்!”

நர்ஸம்மாவும் இப்படிச் சொன்னதும் எனக்கிருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. செத்துத்தான் போயிருக்கிறேன். வேலை போச்சே என்றுதான் முதலில் நினைத்தேன்.

நர்ஸம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை ஜில்லென்று இருந்தது. விரலால் நாடியைத் தேடினார். அப்புறம் ஒரே கத்தல்.

“உசிரு இருக்கு! அஞ்சல, எந்திரி!”

உத்தரவு வந்துவிட்டது. சடக்கென்று எழுந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்க ஆளே இல்லை. நூறு பேர் ஒரே வாசலில் வெளியேறியதில் கூடைகள் கவிழ்ந்து முழங்கால் வரை கொழுந்து கிடந்தது. சின்னச்சாமி அண்ணன் தப்பை விட்டுவிட்டு ஓடியவர் ஆற்றோரம் போய்த்தான் நின்றார். என் வீட்டுக்காரர் ஓடவில்லை. கால் வரவில்லை என்று அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டார். மூக்காயி மதினி நின்ற இடத்திலேயே மயங்கிச் சாய்ந்தார். நர்ஸம்மா முகத்தில் தண்ணீர் தெளித்து, காலை உயர்த்தி வைத்து, அவசர அவசரமாக எழுப்பினார். முதலுதவி என்று அன்றைக்கு நடந்தது அதுதான்.

துரைசானி டீச்சரம்மா மூலமாக என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இவ்வளவு நடந்திருக்கே, நீ ஏன் எந்திரிக்கலை?”

டீச்சரம்மா கட்டை அவிழ்த்துவிட்டார்.

“எந்திரின்னு யாரும் சொல்லலைங்களே,” என்றேன்.

டீச்சரம்மா அதை இங்கிலீஷில் சொன்னார். துரைசானி தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். தன்னுடைய சாவு வீட்டிலேயே இடத்தை விட்டு நகராதவள் பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே போகப் போகிறாள், இவளையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கத்துப் புத்தகத்தில் டீச்சரம்மா இப்படி எழுதி வைத்தார்: ‘முதலுதவிப் பயிற்சி நடைபெற்றது. நோயாளி முழுமையாக ஒத்துழைத்தார்.’

வேலை கிடைத்துவிட்டது. பிள்ளைகள்தான் கிடைக்கவில்லை. செத்துப் பிழைத்தவளிடம் பச்சைப் பிள்ளையை யார் விடுவார்கள்? சுண்ணாம்பு அடித்த புது மடுவத்தில் பத்துத் தொட்டில்களுக்கு நடுவே தினமும் நான் ஒருத்தியே உட்கார்ந்திருந்தேன். காற்றில் தொட்டில்கள் ஆடின. பார்க்கப் பிள்ளையே இல்லாத ஆயாவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் மூக்காயி மதினி வந்தார். இடுப்பில் பிள்ளை. மற்றக் கையில் என் பித்தளைச் செம்பு, நிறையப் பால். இரண்டையும் என் முன்னால் வைத்தார்.

“செம்பு...” என்றேன்.

“அழுகையில ஆயிரம் சொல்லுவோம்,” என்றார். “அதையெல்லாம் படுத்துக் கெடந்து கேப்பியா? வெக்கங்கெட்டவளே.” வெளியே எட்டிப்பார்த்து, மலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்து இரைந்தார். “ஏண்டி பயப்படுறீங்க? ஒருதரம் வந்து ஏமாந்து போனவன் எமன். இவ இருக்கிற பக்கம் இனி தலைவச்சுப் படுப்பானா? கொண்டாந்து விடுங்கடி!”

அடுத்த திங்கட்கிழமை தொட்டில் போதாமல் சாக்கில் இரண்டு கட்ட வேண்டியதாயிற்று.

முப்பது வருஷம் அங்கே இருந்தேன். என் கையில் வளர்ந்தவர்களில் இப்போது கங்காணி இருக்கிறான், கொட்டகலையில் கடை வைத்தவன் இருக்கிறான், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள்கூட இருக்கிறாள். புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால் என்னை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதில் அவர்களுக்குள் போட்டி. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு மூக்காயி மதினியின் மகன், என்னிடம் முதலில் வந்த அந்தப் பிள்ளை, தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வான்:

“இவங்கதான் எங்க அத்தை. நம்ம தோட்டத்துல எல்லாரும் சாகுற வரைக்கும் வேலை செஞ்சாங்க. செத்துட்டு வேலைக்குச் சேந்தவங்க இவங்க ஒருத்தருதான்.”