பதினோரு விநாடி

"அஞ்சே நிமிஷம்மா, கெளம்பிட்டேன்னே வச்சுக்கோ" என்று புரோகிராமர் போனில் மனைவியிடம் சொன்னபோது மணி இரண்டு. ஐந்து மணிக்கு ரயில் என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். போன வருஷம் இதே கடற்கரைப் பயணத்துக்கு ரயிலைக் கோட்டை விட்டதில், வீட்டில் ஒரு மாதம் பேச்சுவார்த்தையே இல்லை. இந்தத் தடவையும் விட்டால் கதை கந்தல்தான்.

மீதி இருந்தது ஒரே வேலை. எந்த டிரைவருக்கு எந்த பஸ் என்று பட்டியல் போடும் புரோகிராம் ஓடி முடிய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்து அனுப்ப வேண்டும். "ஒரே ஒரு நம்பர் போதும்ப்பா" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஓட்டினார். பதினோரு விநாடி. அனுப்பிவிட்டு எழுந்திருக்கலாம். மனுஷனுக்குக் கை சும்மா இருந்தால்தானே! இன்னொரு தடவை ஓட்டினார். பதினான்கு.

"அதெப்படி மாறும்?"

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். தாமதம் எங்கே என்று பிடிக்க, புரோகிராமுக்கு நடுவே நேரம் குறிக்கும் வரிகளை நாலு இடத்தில் செருகினார். பத்தொன்பது விநாடி. விடுவாரா? ஒவ்வொரு டிரைவருக்கு முன்னாலும் பின்னாலும் நேரம் பார்த்து எழுதிவைக்கச் செய்தார். இப்போது இரண்டு நிமிஷம் ஓடியது.

போன் அடித்தது. "மணி மூணேகால்" என்றாள் மனைவி.

"அஞ்சு நிமிஷம்மா! கோளாறைப் பிடிச்சிட்டேன்."

"சரி, நிதானமா வாங்க."

நிதானமாகவா? அவள் திட்டியிருந்தால்கூடத் தைரியமாக இருந்திருக்கும்.

பக்கத்து மேஜை அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா, ஓடறவனை அடிக்கொரு தரம் நிறுத்தி மணி என்னன்னு கேட்டா, அவன் எப்ப ஊர் போய்ச் சேர்றது? நீ நேரம் பாக்கறதுலதான் நேரமே போகுது."

தலையில் அடித்துக்கொண்டு, செருகியதையெல்லாம் மளமளவென்று அழித்தார். ஓட்டினார். அரை விநாடி!

"அக்கா, பறக்குது!" என்று நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பறக்கறது இருக்கட்டும். பட்டியல் எங்க?"

பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. அழித்த வேகத்தில், டிரைவர்களைத் தேடும் பகுதியையும் சேர்த்துத் தீர்த்துக் கட்டியிருந்தார். போனது எது, மிஞ்சியது எது என்று தேடித் திரும்ப எழுதி முடிப்பதற்குள் மணி நாலே முக்கால். மறுபடி ஓட்டினார்.

பதினோரு விநாடி.

அதையே அனுப்பிவிட்டு, பையைக்கூட மூடாமல் ஓடினார். வீட்டு வாசலில் பெட்டிகள் வரிசையாக நின்றன. மணி ஐந்து இருபது. மனைவி சோபாவில் சாவகாசமாகப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுடும்மா. ரயில் போயிருக்கும், இல்ல? நான் ஒரு உருப்படாதவன்" என்றார். அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு பழைய நோட்டைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டாள்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"அழாதீங்கப்பா, ரயில் ஏழு மணிக்குத்தான், உங்க 'அஞ்சு நிமிஷம்' ஓடி முடிய எவ்வளவு நேரமாகுதுன்னு அம்மா நாலு வருஷமா எழுதி வச்சிருக்காங்க, சராசரி மூணு மணி இருபது நிமிஷம்."