புள்ளி சித்தரும் சுடுகாட்டுப் புருஷனும்

பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்தில் அந்த மாதம் இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று ரயில் டிக்கெட்டுக்கு. அதைவிட நீளமானது புள்ளி சித்தருக்கு.

சித்தர் என்றதும் காட்டில் தவம் செய்தவர் என்று நினைக்க வேண்டாம். போன வருஷம் வரை ஆவடியில் குடைக்கடியில் சிம் கார்டு விற்ற முனியன்தான். செல்போன் மேப்பில் ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி இருக்கிறதே, அது அந்த ஆளின் ஆவி என்று கண்டுபிடித்தார். புள்ளி அலைந்தால் ஆவி அலைகிறது. போனைப் பட்டுத்துணியால் மூடி, உள்ளே கைவிட்டு மந்திரம் சொல்வார். ஆயிரத்து நூறு ரூபாய். புள்ளி அப்படியே நின்றுவிடும். கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் எல்லாரும் வந்தார்கள். ஏமாறுவதில் மட்டும் நம் ஊரில் அப்படி ஓர் ஒற்றுமை.

அந்த வரிசையில்தான் பெனிட்டோவை இழுத்துவந்து நிறுத்தியிருந்தாள் மனைவி ஹெலினா. அவன் திருமழிசையில், தகரக்கூரை போட்ட பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். இடம் காட்டும் ஆப்பை ஹெலினா அவன் போனில் போட்டு ஒரு மாதம் ஆகிறது. தினமும் பகலில் புள்ளி பட்டறையில் நிற்காமல், பின்பக்கச் சுடுகாட்டில் போய் நின்றது. அங்கே எவளோ இருக்கிறாள் என்று முதலில் அழுதாள். விசாரித்தால், சுடுகாட்டில் உயிரோடு யாருமே இல்லை. அப்படியானால் பேய்தான் என்று முடிவு கட்டினாள். பத்து நாளாகப் பேச்சு இல்லை, ஒழுங்கான சோறும் இல்லை. பேய் பிடித்திருக்கிறது என்று ஒத்துக்கொண்டாவது மீன்குழம்பு கிடைத்தால் போதும் என்றிருந்தது பெனிட்டோவுக்கு.

சித்தர் பெனிட்டோவின் போனை மூடிய துணிக்குள் கைவிட்டு முணுமுணுத்தார். "ஆவி அடங்கிச்சும்மா. இனிமே அசையாது."

ஹெலினா தன் போனைப் பார்த்தாள். புருஷனின் புள்ளி சித்தர் வீட்டிலேயே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துணைக்கு வந்திருந்த தோழி ஜுலைகா பூந்தமல்லியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். "அண்ணே, அந்த போனை எடுத்துகினு அடுத்த ஸ்டேஷன் டீக்கடைக்குப் போ. அங்கேர்ந்து வீடியோ கால் போடு" என்றாள்.

இருபது நிமிஷத்தில் கால் வந்தது. திரையில் பெனிட்டோ, கையில் டீ, வாயில் பஜ்ஜி.

"இப்ப மேப்பைப் பாரு" என்றாள் ஜுலைகா.

புள்ளி இன்னமும் சித்தர் வீட்டிலேயே இருந்தது. கூட்டம் சித்தரைப் பார்த்தது.

"உடம்புதாம்மா அங்க போச்சு. ஆவி இங்கதான் கீது" என்றார் அவர்.

"அப்ப அங்க பஜ்ஜி துன்றது யாரு, பொணமா?" என்றாள் ஜுலைகா.

முதலில் சிரித்தது ஹெலினாதான். பெனிட்டோ திரும்பி வந்ததும் ஜுலைகா அவன் போனைத் திறந்து எல்லாருக்கும் காட்டினாள். லொக்கேஷன் அணைந்திருந்தது. "மந்திரம் இவ்ளோதான். துணிக்குள்ள கைய வுட்டு இதை ஆஃப் பண்றாரு. ஆப்பு கடைசியா பாத்த எடத்தையே காட்டிகினு கீது. அது எப்போ பாத்ததுன்னு கீழயே போட்டுகீது, யாரும் படிக்கலை."

"அப்ப சுடுகாடு?" என்றாள் ஹெலினா.

"தகரத்துக்கு அடியில சாட்டிலைட் சிக்னல் சரியா வராது. டவரை வெச்சு ஆப்பு குத்துமதிப்பா சொல்லுது. அரை கிலோமீட்டர் தள்ளிகூட காட்டும்."

எல்லாரும் தங்கள் போனைத் திறந்து பார்த்து முடிப்பதற்குள் சித்தர் உட்கார்ந்திருந்த பாய் காலியாக இருந்தது. சித்தர் போன இடம் இன்றுவரை தெரியவில்லை. தன் லொக்கேஷனையும் அணைத்துவிட்டுத்தான் ஓடியிருக்கிறார்.

மறுநாள் பகலில் ஹெலினா பட்டறைக்கே போனாள். பெனிட்டோ பக்கத்தில் நின்று தன் போனைப் பார்த்தாள். அவள் புள்ளியும் சுடுகாட்டில் நின்றது.

"வா, குடும்பத்தோட வந்துட்டோம்" என்றான் பெனிட்டோ. பிறகு மெதுவாகச் சொன்னான், "ஒரு மாசமா செல்லையே பாத்துகினு இருந்தியே, ஒருநாள் பஸ் ஏறி வந்து என்னைப் பாத்திருக்கலாமில்ல."

புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்த மகாஜனங்களே, அது ஏன் அங்கே நிற்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். அதற்கு ஆப் வேண்டாம். கழுத்துக்கு மேலே இருப்பதே போதும்.